ஒரு கட்டைவிரலின் கணக்கு: வயலில் நடக்கும் விபத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

வயல் வேலையில் ஒருவருக்கு அடிபட்டால் ஊரில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எவ்வளவு செலவாச்சு?" என்பது. பதிலாக வருவது ஆஸ்பத்திரிச் செலவு. அரசு மருத்துவமனை என்றால், "பெரிசா ஒண்ணும் ஆகல, மருந்து மாத்திரை எல்லாம் அங்கேயே கொடுத்துட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளாதாரம் படித்தவர்கள் கணக்கைத் தொடங்குவது இதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரி ரசீதில் வருவது விபத்துச் செலவில் ஒரு சிறு பகுதி. மீதிக்கு ரசீதே கிடையாது. ரசீது இல்லாத அந்த மீதியை எப்படி எண்ணுகிறார்கள், அது யார் தலையில் விழுகிறது, எண்ணாமல் விட்டால் என்ன கெடுகிறது என்பதை, இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

உலகில் மிக ஆபத்தான தொழில்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மூன்றைச் சொல்கிறது: சுரங்கம், கட்டுமானம், விவசாயம். வேலையிடத்து விபத்துகளாலும் வேலையால் வரும் நோய்களாலும் உலகம் இழப்பது ஆண்டு மொத்த உற்பத்தியில் சுமார் 4 சதவீதம் என்பது அதே அமைப்பு நெடுநாளாகச் சொல்லிவரும் மதிப்பீடு. இவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாது. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால் புரியும்.

பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரியில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு 40 வயது. சொந்தக் காட்டு வேலை போக மற்ற நாட்களில் கூலிக்கும் போகிறவர். இரண்டையும் சேர்த்தால் வருடத்துக்கு 200 வேலை நாள், நாளுக்கு 600 ரூபாய். மனைவி களையெடுக்கப் போகிறார். வீட்டில் இரண்டு கறவை மாடு. அறுவடை முடிந்து, வாடகைக்கு வந்த கதிரடிக்கும் மிஷினில் கதிரைத் தள்ளும்போது அவருடைய வலது கை உள்ளே இழுக்கப்பட்டு, கட்டைவிரல் போய்விடுகிறது. ஆளும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. செலவின் இனங்களை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை; விபத்து நடந்த எந்த வீட்டில் கேட்டாலும் இவற்றைச் சொல்வார்கள்.

முதலில் கையிலிருந்து போன பணம். சிகிச்சை இலவசம்தான். ஆனாலும் வண்டிச் செலவு, கூட இருந்தவரின் சாப்பாடு, வெளியே எழுதிக்கொடுத்த மருந்து, கட்டு மாற்றப் போய்வந்தது என்று 18,000 ரூபாய் ஆகிறது. இதை நேரடிச் செலவு என்பார்கள். ஊர்க்காரர்கள் கேட்டதற்குக் கிடைக்கும் பதில் இதுதான்.

அடுத்து வருவது, வரவேண்டியிருந்து வராமல் போன பணம். ஆறு மாதம் அவரால் வேலை செய்ய முடியவில்லை. அதில் 60 நாள் கூலிக்குப் போயிருப்பார். 36,000 ரூபாய் போயிற்று. மீதி 30 நாள் சொந்தக் காட்டில் வேலை. அதற்கு ஆள் வைத்ததில் 18,000 ரூபாய். இங்கே ஒரு எச்சரிக்கை. அவருடைய 90 நாள் கூலியையும் போட்டு, ஆள் வைத்த செலவையும் தனியாகப் போட்டால் ஒரே இழப்பை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். ஒவ்வொரு நாளையும் ஒரு முறைதான் எண்ண வேண்டும். விபத்துச் செலவு பற்றிய கணக்குகளில் அடிக்கடி நேரும் பிழை இது.

மனைவி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தார். அந்த மாதம் அவருக்கு 20 நாள் களையெடுப்பு வேலை கிடைத்திருக்கும். நாளுக்கு 350 என்றால் 7,000 ரூபாய். துணைக்கு இருந்ததற்கு யாரும் கூலி தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் அது செலவுதான். ஒரு நேரத்தை ஒன்றுக்குக் கொடுத்தால், அதே நேரத்தில் வேறு எதைச் சம்பாதித்திருக்கலாமோ அதை இழக்கிறோம். இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். கிராமத்தில் நடக்கும் விபத்துகளில் இந்த வகைச் செலவு பெரும்பாலும் பெண்கள் மேல்தான் விழுகிறது. கணக்கில் மிக எளிதாக விடுபடுவதும் இதுதான்.

கதிர் களத்திலேயே கிடந்தது. அடிக்க ஆள் தேடி முடிவதற்குள் பனியிலும் தூறலிலும் ஈரமேறிவிட்டது. நூறு கிலோ மூட்டைக்கு 200 ரூபாய் குறைத்து எடுத்தார் வியாபாரி. 60 மூட்டைக்கு 12,000 ரூபாய் இழப்பு. விவசாயத்துக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே இருக்கிறது. தறி ஒரு வாரம் நின்றால் அடுத்த வாரம் ஓட்டி ஓரளவு ஈடுகட்டலாம். அறுவடைக்கு அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. அதோடு, விபத்துகள் நடப்பதும் பெரும்பாலும் வேலை நெருக்கும் நாட்களில்தான். மிஷின் மணிக்கணக்கு வாடகைக்கு வருகிறது, அடுத்த காட்டுக்காரர் காத்திருக்கிறார், இருட்டிய பிறகும் லைட் போட்டு அடிக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஆள் மிக அதிகமாகத் தேவைப்படும் நாளில்தான் ஆள் விழுகிறார்.

பணத்துக்கு என்ன செய்வார்கள்? ஒரு மாட்டை அவசரத்துக்கு விற்கிறார்கள். 50,000 பெறும் மாடு 38,000-க்குப் போகிறது; 12,000 இழப்பு. போதாமல் 60,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்குகிறார்கள், அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஒரு வருடத்தில் வட்டி மட்டும் 21,600.

கூட்டினால் 1,24,600 ரூபாய். அதில் நேரடிச் செலவு வெறும் 18,000. மறைமுகச் செலவு 1,06,600, ஏறத்தாழ ஆறு மடங்கு. தேசிய மாதிரி ஆய்வின்படி 2018–19-இல் இந்திய விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய், வருடத்துக்கு 1,22,616. அந்த அளவுகோலில் பார்த்தால், முதல் வருடத்துச் செலவே ஒரு முழு ஆண்டின் வருமானத்தை விழுங்கிவிடுகிறது. "பெரிசா ஒண்ணும் ஆகல" என்று சொல்லப்பட்ட விபத்து இது.

நேரடிச் செலவைவிட மறைமுகச் செலவு அதிகம் என்பதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹெர்பர்ட் வில்லியம் ஹைன்ரிச். 1931-இல் வந்த தம் நூலில், ஒரு பங்கு நேரடிச் செலவுக்கு நான்கு பங்கு மறைமுகச் செலவு என்றார். அந்த 4:1 எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அவர் எண்ணியது முதலாளியின் இழப்பை: மிஷின் நின்ற நேரம், மேற்பார்வையாளர் செலவிட்ட நேரம், கெட்டுப்போன சரக்கு. மூன்று ஏக்கர்க்காரர் வீட்டில் முதலாளி, தொழிலாளி, மேற்பார்வையாளர், பராமரிப்பவர் எல்லாம் ஒரே குடும்பம். இழப்பைப் பகிர்ந்துகொள்ள வேறு யாரும் இல்லை.

யாருடைய செலவு?

ஒரே விபத்துக்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் சரி. குடும்பத்தின் பார்வையில் வட்டி 21,600 சுத்தமான இழப்பு. நாட்டின் பார்வையில் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய பணம். வட்டிக்காரருக்கு அது வருமானம். மாடு மலிவாகப் போனதும் அப்படித்தான், வாங்கியவருக்கு லாபம். ஆகவே நாட்டுக் கணக்கில் இந்த இரண்டையும் கழித்துவிடுவார்கள். மறுபக்கம், குடும்பத்துக்கு இலவசமாகக் கிடைத்த அறுவைச் சிகிச்சை நாட்டுக்கு இலவசம் இல்லை. மருத்துவர் சம்பளம், படுக்கை, மருந்து எல்லாம் வரிப்பணம். அதைக் கூட்ட வேண்டும். எந்த அறிக்கையிலாவது விபத்துச் செலவு என்று ஒரு தொகையைப் பார்த்தால், யாருடைய பார்வையில் போட்டது என்று முதலில் பாருங்கள். அது தெரியாமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட முடியாது.

இனி நீண்டகாலம். காயம் ஆறிய பிறகும் கட்டைவிரல் இல்லாத வலது கை அதுதான். மண்வெட்டி பிடிக்க முடியாது, பால் கறப்பது கஷ்டம். 600 ரூபாய் கூலி வாங்கியவருக்கு இனி 450 ரூபாய் வேலைதான் கிடைக்கிறது என்று கொள்வோம். 200 நாளுக்கு வருடம் 30,000 ரூபாய் குறைகிறது. 60 வயது வரை, 20 வருடத்துக்கு, 6 லட்சம். ஆனால் இருபது வருடம் கழித்து வரும் 30,000 ரூபாயும் இன்று கையில் இருக்கும் 30,000 ரூபாயும் ஒன்றல்ல. இன்றைக்குப் பணம் இருந்தால் வங்கியில் போட்டு வளர்க்கலாம். அதனால் வருங்காலத் தொகைகளை ஒரு வட்டி விகிதத்தில் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் என்று எடுத்தால் அந்த 6 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 3,44,000 ரூபாய். ஒருவர் சம்பாதித்திருக்கக்கூடியதை வைத்து இழப்பை அளக்கும் இந்த வழிக்கு மனித மூலதன முறை என்று பெயர்.

இந்த முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சம்பாத்தியத்தை வைத்தே அளப்பதால், குறைந்த கூலி வாங்கும் பெண்ணின் கைக்குக் குறைந்த மதிப்பு வருகிறது. சமைத்து, மாடு பார்த்து, பிள்ளை வளர்க்கும் வேலைக்குக் கூலி இல்லை என்பதால் அது பூஜ்யமாகிவிடுகிறது. வலி, பயம், குழந்தையின் தலையைப் பின்ன முடியாமல் போவது எதற்கும் இதில் இடமில்லை. ஆகவே இந்தத் தொகையைக் குறைந்தபட்ச மதிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் இதே கணக்கைத்தான் போடுகிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்வது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டைவிரலுக்கு 30 சதவீதம். வயதுக்கு ஏற்ற ஒரு பெருக்குத்தொகையும் உண்டு. 40 வயதுக்கு 184.17. நம் விவசாயியின் மாத வருமானம் 10,000. சட்டம் கணக்கில் எடுப்பது அதில் 60 சதவீதம், அதாவது 6,000; அதை 184.17-ஆல் பெருக்கினால் 11,05,020. அதில் 30 சதவீதம் 3,31,506 ரூபாய். நாம் தனியாகப் போட்ட 3,44,000-க்கு மிக அருகில் வருகிறது. இந்தச் சட்டம் இப்போது 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது; வயதுப் பட்டியலும் உறுப்புப் பட்டியலும் அதிலும் இருக்கின்றன.

சரி, இந்த 3,31,506 ரூபாய் நம் விவசாயிக்குக் கிடைக்குமா? அவர் இன்னொருவர் காட்டில் கூலிக்குப் போன நாளில் விரல் போயிருந்தால் கேட்கலாம். மின்சாரத்தாலோ இயந்திர சக்தியாலோ ஓடும் கருவிகளைக் கொண்டு செய்யும் விவசாய வேலை பழைய சட்டத்தின் பட்டியலிலேயே இருந்தது. கதிரடிக்கும் மிஷின்களை மனத்தில் வைத்து 1983-இல் அபாயகர இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் என்று தனியாக ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அதிலும் இழப்பீடு உண்டு. ஆனால் சொந்தக் காட்டில், சொந்தக் கதிரை அடிக்கும்போது விரல் போனால்? முதலாளி இல்லை. முதலாளி இல்லாவிட்டால் முதலாளி தரும் இழப்பீடும் இல்லை. அதே மிஷின், அதே விரல், அதே ஆள். எந்த வரப்புக்குள் நின்றார் என்பது மட்டும்தான் வேறுபாடு.

கூலிக்குப் போனவர்களுக்கும் நடைமுறையில் எளிதல்ல. கூலிக்கு எழுத்து இல்லை. வேலை கொடுத்தவரும் பெரும்பாலும் நான்கு ஏக்கர்க்காரர், அவராலும் மூன்று லட்சம் தர முடியாது. "இந்தாப்பா, செலவுக்கு வெச்சுக்க" என்று ஐயாயிரமோ பத்தாயிரமோ கைமாறி விஷயம் முடிகிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு உள்ள ஈ.எஸ்.ஐ. காப்பீடு விவசாயக் கூலிக்கு எட்டுவதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் அரசுத் திட்டங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சைக்கு மேற்படாத சிறு, குறு விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் உறுப்பினராகலாம். விபத்து மரணத்துக்கும் உறுப்பிழப்புக்கும் உதவித்தொகை உண்டு. ஒன்றிய அரசின் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடிப்பார்கள். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ போனால் 1 லட்சம். 20 ரூபாய்க்கு இது பெரிய பாதுகாப்பு, எல்லோரும் சேர வேண்டும். ஆனால் கட்டைவிரல் மட்டும் போனால் அதன் பட்டியலில் இடமில்லை என்பதையும் கவனியுங்கள். வயலில் அடிக்கடி போவது விரல்தான்.

விபத்து என்று யாரும் சொல்லாத விபத்துகள்

மிஷின் காயம் கண்ணுக்குத் தெரியும். பாம்புக்கடியை நாம் விதி என்று ஒதுக்கிவிடுகிறோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலானோர் கிராமத்தவர்கள், வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போதும் வைக்கோலை இழுக்கும்போதும் கடிபடுவது வேலையிடத்து விபத்து இல்லாமல் வேறென்ன? விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். அங்கே போய்ச் சேரும் வண்டி, சிறுநீரகம் பாதித்தால் டயாலிசிஸ், சதை அழுகினால் பல மாதச் சிகிச்சை, இவைதான் குடும்பத்தைச் சாய்க்கின்றன. தமிழ்நாடு 2024-இல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. நல்ல முடிவு. எண்ணாத ஒன்றுக்குப் பணம் ஒதுக்க முடியாது.

பூச்சிமருந்து இன்னும் மெதுவானது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது செய்தியானது. மருந்தடித்த மறுநாள் தலைசுற்றி, வாந்தியெடுத்து, "இன்னிக்கு வேலைக்கு வரல" என்று படுத்துவிடும் நாட்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அப்படி வருடத்துக்கு ஐந்து நாள் போனால், 600 ரூபாய்க் கூலியில் 3,000 ரூபாய்.

தடுப்பதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இவ்வளவு கணக்கும் போடுவது இந்தக் கேள்விக்காகத்தான். முதல் வருடச் செலவு 1,24,600, நீண்டகால இழப்பு 3,44,000, மொத்தம் 4,68,600. ஒரு வருடத்தில் இப்படி ஒரு விபத்து நேர நூற்றில் ஒரு வாய்ப்பு இருந்தால், அந்த வருடத்தில் எதிர்பார்க்கத்தக்க இழப்பு 4,686 ரூபாய். முந்நூற்றில் ஒன்று என்றாலும் 1,562. அந்த அளவுக்குள் ஒரு பாதுகாப்பு கிடைத்தால் அதை வாங்குவது லாபம். வீண் செலவல்ல அது.

கதிரடிக்கும் மிஷினுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 9020, கதிரைத் தள்ளும் வாய்ப் பகுதி குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் 45 செ.மீ. மேலே மூடியிருக்க வேண்டும் என்கிறது. காரணம் எளியது: கை நீட்டினாலும் உருளையை எட்டக் கூடாது. ஒரு துண்டுத் தகரமும் கொஞ்சம் வெல்டிங்கும்தான். பிறகு ஏன் குட்டை வாயுள்ள மிஷின்கள் ஓடுகின்றன? குட்டையாக இருந்தால் வேகமாகத் தள்ளலாம், மணிக்கு அதிக மூட்டை அடிக்கலாம். அந்த வேகத்தின் லாபம் மிஷின்காரருக்கு. விரலின் செலவு தள்ளுபவருக்கு. முடிவெடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்பார்கள். ஆளுக்கு ஆள் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி இதைத் தீர்க்க முடியாது. தகரம் இல்லாத மிஷின் விற்கவும் வாடகைக்கு வரவும் கூடாது என்று சட்டம் நின்றால்தான் தீரும்.

அப்படி நின்ற இடங்கள் உண்டு. டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகத்தைப் புதிய டிராக்டர்கள் எல்லாவற்றுக்கும் 1959-இல் ஸ்வீடன் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பது ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. விவசாயிகளின் கவனம் ஒரே நாளில் கூடிவிடவில்லை, டிராக்டர் மாறியது.

விபத்து நடந்துவிட்டால் செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. சில மணி நேரத்துக்குள் போனால் ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. ஒட்டிய விரல் நாம் போட்ட 3,44,000-இல் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது.

இன்னொன்று காகிதம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். "கீழே விழுந்துட்டார்" என்று சொல்லிவிடாமல், வயல் வேலையின்போது, எந்த மிஷினில், யாருடைய காட்டில், எத்தனை மணிக்கு என்று சொல்லி எழுத வைத்து, நகலைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் இழப்பீடோ உதவித்தொகையோ கேட்கும்போது அந்த நகல்தான் முதல் ஆதாரம். வண்டி வாடகை, மருந்துச் சீட்டு, ஆள் வைத்த கூலி எல்லாவற்றையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.